நீ திரும்ப எழுதிய கொப்பி

"டீச்சர், ரெண்டையும் ஒரே மாதிரித்தானே சொல்றோம், எதுக்கு ரெண்டு விதமா எழுதணும்?" ஸ்டேஷனரி என்று ஒலிக்கும் இரண்டு இங்கிலீஷ் சொற்களைக் காட்டி டியூஷன் பிள்ளை ஒருத்தி இன்றைக்குக் கேட்டாள். யோசிக்காமலே என் வாய் சொன்னது: "உக்குவளை ஸ்டேஷன்ல அசையாம நிக்கிற ரயில் கோச்சி ஒண்ணு, கடையில விக்கிற காகிதச் சாமான் ஒண்ணு." வகுப்பே சிரித்தது. "நீங்களா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் கேட்டவள். ஆமாம் என்றேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது, இன்னும் உன் வரியை என்னுடையது என்கிறேன் பார்.

நாம் இருவரும் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியைகளாக இருந்த காலம். ஆங்கில ஆசிரியர் நியமனத்துக்குப் பரீட்சை வருகிறது என்று கேள்விப்பட்டதும், ஒரே ஒலியில் வந்து ஆளைக் குழப்பும் சொற்களையெல்லாம் ஒரு கொப்பியில் சேர்த்தாய். ஒவ்வொரு சோடிக்கும் நம் தெரு ஆட்களை இழுத்து ஒரு வரி. பீஸ் என்றால், "அண்ணனும் தம்பியும் காணித் துண்டுக்கு அடிச்சுக்கிட்டா வீட்டுல ஏது சமாதானம்?" நான் வாரக்கணக்கில் நெட்டுருப் போட்டும் நிற்காதது உனக்கு விளையாட்டாக வந்தது. எனக்கு வயிறெரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

ஒரு நாள் நீ அடுப்படியில் இருந்த நேரம் அந்தக் கொப்பியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் தந்திருப்பாய். உன்னிடம் கேட்கத்தான் மனம் வரவில்லை.

அந்த வாரமே எண்பத்து மூன்று கலவரம் வந்தது. உங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். எங்கள் வீட்டை எதிர்வீட்டுச் சிங்கள அம்மா வாசலில் நின்று காப்பாற்றினார். அகதி முகாமில் உன்னைப் பார்க்க வந்தேன். "எல்லாம் போச்சுடி. அந்தக் கொப்பியும் எரிஞ்சு போச்சு" என்று அழுதாய். கொப்பி என் அலுமாரியில் இருந்தது. உன் தலையைத் தடவிக்கொண்டே "ஐயோ பாவமே" என்றேன். பரீட்சையைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். இனி நீ எங்கே எழுதப் போகிறாய் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சீ, என்ன பிறவி நான்!

ஒரு மாதம் கழித்து இரண்டு புதுக் கொப்பிகளோடு என் வீட்டுக்கு வந்தாய். "ஞாபகம் இருந்ததை எழுதினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு." வாங்கிக்கொண்டேன். நீ எங்கள் கதவையும் கூரையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஒன் வீடு மட்டும் நிக்குதேன்னு எனக்குப் பொறாமையா இருக்கு புள்ள."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாய், சிரித்தாய். "தேத்தண்ணி தர மாட்டியா?" என்றாய்.

அப்போது நானும் சொல்லியிருக்கலாம். அலுமாரி நாலடி தூரத்தில்தான் இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

பரீட்சையில் இருவருமே தேறினோம். இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் படிப்பித்தோம். ஒரு நாளும் நான் வாய் திறக்கவில்லை. உன் இங்கிலீஷ் மேல் இருந்த பொறாமை எப்போதோ தீர்ந்துவிட்டது. வயிற்றெரிச்சலை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தாயே, அந்த மனசு மேல் இருக்கிற பொறாமைதான் தீரமாட்டேன் என்கிறது.