மழைக்குப் பிறகு வந்த தூக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் சொன்னால் கொழும்பில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இப்போது பயப்பட ஒன்றுமில்லை.

மழை தொடங்கியதிலிருந்து நம் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடு சரிந்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். மகள் தூங்குவாள், நான் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போகப் போகக் கை நடுங்கியது. ஒருநாள் நம் மகள் ஜெனிதாவின் பெயரே வாயில் வரவில்லை. புத்தி கலங்குகிறதென்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்த அன்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, இது பைத்தியமில்ல. தூக்கமில்லாமதான் பிரஷரும் ஏறியிருக்கு. மொதல்ல நல்லா தூங்குங்க" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது லிந்துலையில் அக்கா வீட்டில் இருக்கிறோம். பின்னால் மேடு இல்லை. வந்த அன்று படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். மகள் என்னை உலுக்கி, "அம்மா, உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டாள். கை நடுக்கமும் நின்றுவிட்டது.

அந்த லயத்துக்கு இனி நாங்கள் போகவில்லை. மற்றதை நேரில் பேசுவோம். வரும்போது பகலில் வாருங்கள். இரவில் கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது.

உங்கள் மகளின் அம்மா