இடது கிருதா

மார்ச் 3
காலையிலேயே எரிச்சல். பஸ்ஸை எடுக்க டிப்போவுக்குப் போனால், என் கண்டக்டர் வெடி (வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்) எல்லோர் முன்னாலும் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். வலது கிருதா பாதிக் காதோடு நிற்கிறதாம். இடதோ தாடை வரை இறங்கிக் கிடக்கிறதாம். பார்த்துப் பார்த்துத்தானே மழித்தேன்? பல்பு மங்கல். வேறென்ன.

மார்ச் 5
புது பல்பு. அதே கதை.

மார்ச் 9
இரண்டு ஆள்காட்டி விரலையும் காதோரம் வைத்து மட்டம் பார்த்தேன். கண்ணாடியில் மூக்கை நேராகப் பார்த்தால் இடது விரல் இல்லை. காதில் உரசுவது தெரிகிறது, கண்ணுக்கு மட்டும் இல்லை. ஒரு கண்ணை மூடினேன், பிறகு மற்றதை. இரண்டிலும் அப்படித்தான். தலையைத் திருப்பினால் விரல் இருக்கிறது. ரேசர் கன்னத்தைக் கீறிவிட்டது. போன மாதம் ஒரு நாள் தலை வெடித்ததே, மாத்திரை போட்டுப் படுத்தேனே - அதுவா? இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14
டிரைவர்களுக்கான வருடாந்திரக் கண் பரிசோதனை. பயந்து செத்தேன். அந்த ஆள் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினார், கடைசி வரி வரை சொல்லிவிட்டேன். இந்த வயதிலும் கண் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

மார்ச் 20
நிறுத்தத்தில் ஒதுக்கும்போது பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் மோதி நொறுங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கம்பத்தை ஒட்டி ஒரு பெண் பையோடு நின்றிருக்கிறாள். ஒரு முழம்தான் தள்ளி. கம்பத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

மார்ச் 21
மனைவியிடம் உளறிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.
"நாளைக்கு டிப்போவுல நீங்க சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?"
கட்டின புருஷனையே காட்டிக் கொடுப்பாளாம். வண்டிய விட்டா எனக்கு என்னடி தெரியும்? அவ சொல்றது சரி, அதான் வயித்தெரிச்சல்.

மார்ச் 22
சொல்லிவிட்டேன். பரிசோதனையில் எப்படித் தேறினாய் என்பதுதான் மேனேஜரின் முதல் கேள்வி. அதை என்னிடம் கேட்கிறார்!

மார்ச் 27
கண்ணில் கோளாறே இல்லையாம். மூளையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, இரண்டு கண்ணுக்கும் இடது பக்கப் பார்வை போய்விட்டதாம். போனது திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 6
பஸ் நிலைய விசாரணை கவுண்டரில் முதல் நாள். ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், நான் ஓட்டிய பஸ்ஸின் நம்பரைச் சொல்லி எப்போது வரும் என்று கேட்டாள். அதற்கு நான் அட்டவணையைப் பார்க்க வேண்டுமா என்ன? இன்னும் பத்து நிமிடம் ஆகும், இப்படி இடது பக்கம் வந்து நிற்கும் என்றேன்.
"அதான் நிக்குதே சார்" என்றாள்.