நான்காவது டம்ளரோடு நின்றது

அன்புள்ளவளே,

நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்பியே எழுதுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியதால் இங்கே கம்பெனி ஆஸ்பத்திரியில் எனக்கும் என் அறையிலிருக்கும் வெல்டருக்கும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பயப்படாதே. முந்தின நாள் சாயங்காலம் குடலைச் சுத்தம் செய்ய எட்டு டம்ளர் மருந்து குடிக்க வேண்டும். அவன் மனைவி போனிலேயே இருந்து, "அஞ்சு ஆச்சு, இன்னும் மூணுதாங்க" என்று எண்ணி எண்ணிக் குடிக்க வைத்தாள். உன் போன் பிஸி. நான் நாலோடு நிறுத்திவிட்டேன்.

அவன் குடல் கண்ணாடி மாதிரி இருந்ததாம். என்னிடம் டாக்டர், "உள்ள சரியா தெரியல, சின்னக் கட்டி இருந்தாலும் மறைஞ்சிருக்கும். வியாழக்கிழமை திரும்ப வாங்க" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் யாரோடும் பேசாதே. எனக்கு எட்டு வரை எண்ணினால் போதும்.

வயிற்றெரிச்சல் உண்டா என்றும் டாக்டர் கேட்டார். வெல்டரைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்