அழித்த குங்குமம்

ஆவணி 12, ஞாயிறு

நல்லேப்பிள்ளியில் கல்யாணம் நடக்க நடக்க, மண்டபத்திலேயே நின்று அதை ஓவியமாக வரைந்தேன். இறந்துபோன தன் அப்பாவையும் அம்மா பக்கத்தில் வரையச் சொல்லியிருந்தாள் மணப்பெண். போட்டோ பார்த்து வரைந்தேன். ஜோடியாக நின்றதும், கை பழக்கத்தில் அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டது.

அம்மா வந்து அதையே பார்த்தார். “இருக்கட்டுங்க” என்றார் மெதுவாக.

மணப்பெண்ணின் மாமன் விடவில்லை. “ஏனுங்க, அவரு போயி மூணு வருசமாச்சு. சனம் என்னங்க பேசும்? அழிச்சுப்போடுங்க.”

எனக்கும் வாய் இருந்தது. ஈரத்துணியைத்தான் எடுத்தேன். படத்தில்தான் துடைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினார்.

முதல் முறை அழித்தபோதும் இப்படித்தான் நின்றிருப்பாரோ?

துணியை இன்னும் அலசவில்லை.