கேலிப் படத்து அப்பா

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் விருதுநகருக்குப் போன பிறகும் நான் அருள்புரம் பனியன் கம்பெனியில்தான் செக்கிங் வேலை பார்க்கிறேன்.

இப்போது பிரான்ஸ் ஆர்டர். அந்த நாட்டில் அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களைக் கேலி செய்து அச்சடித்த படங்களை டி-ஷர்ட்டில் போடுகிறார்கள். ஒரு படத்தில் மனைவி வாய் பிளந்து தூங்குகிறாள். குல்லாய் போட்ட கணவன், வீறிட்டு அழும் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் பாப்பாவை அப்படித்தான் பிடிப்பீர்கள்.

புதிதாகச் சேர்ந்த மோனிஷா, "ஏனுங்க அக்கா, உங்க ஊட்டுலயும் இப்படித்தானுங்களா? கொழந்த இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கா. எட்டு மாசம். இப்பத்தான் பல்லு முளைக்குது" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பியதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் அவள் ராகி மாவு கொண்டுவந்தாள். "பாப்பாவுக்குக் கூழு காச்சிக் குடுங்க அக்கா." வாங்கி வந்து காய்ச்சினேன். சூடு ஆறும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

தினமும் விசாரிக்கிறாள். பாப்பா தவழ்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்கு நீங்கள் வராதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் மோனிஷாவுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா