பொட்டு வைக்க விளிம்பில்லாத டிவி

செப். 28, ஞாயிறு

காலையிலிருந்து வானம் மூடாக்கு. மழை இல்லை. துவைத்த வேட்டி இன்னும் ஈரம்.

11 மணிக்கு மகள் கலை, டிவியில் வந்தாள். சென்னையில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் இதே நேரம். டிவி தலையில் சுண்டுவிரல் அளவு கேமரா. நான் கட்டிலில் உட்கார்ந்தால் அவளுக்கு நான் தெரிவேன், எனக்கு அவள். என்னுடையது பட்டன் போன், அதில் குரல் மட்டும்தான்.

மனைவி சரோஜா போய்ப் பதினான்கு மாதம். வருஷத் திதிக்கு வந்தபோது மருமகன் இதைச் சுவரில் மாட்டி, நெட் பெட்டியும் வைத்துவிட்டுப் போனார். பழைய டிவியைத் தூக்கிப்போக இரண்டு ஆள், மூச்சு வாங்கியது. புதியதை ஒரே ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அப்பளம்தான்.

கலை இன்று சொன்னது: "தீபாவளிக்கு லீவு கெடைக்காதாட்டம் இருக்குதுங்கப்பா. அதான் டிவி இருக்குதே, நேர்ல பாக்கற மாதிரியே இருக்குது."

"இருக்குது, இருக்குது" என்றேன்.

அவள் பின்னால் ஹால், மாமியார் கட்டில், கட்டிலுக்குக் கீழே பாத்திரங்கள். சின்ன வீடு. அவள் நெற்றியோரத்தில் ஒரு நரைமுடி. படம் அவ்வளவு தெளிவு. முப்பத்திநாலு வயதில் நரையா? கேட்கவில்லை.

தீபாவளிக்கு வருவாள் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்ன, காலண்டரில் வட்டமே போட்டுவிட்டேன்.

செப். 29, திங்கள்

வெயில். வேட்டி காய்ந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் பாதிதான் ஏறுகிறது.

சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர். புதுச் சரக்கு வந்தால் நிறை குறை எழுதாவிட்டால் கை அரிக்கும். டிவிக்கு இன்னும் எழுதவில்லை.

நிறை:
– இடம் அடைக்காது. மேசை மிச்சம்.
– கண்ணாடி இல்லாமலே ஸ்கோர் படிக்கலாம்.
– ஞாயிறு 11 மணி.

குறை:
– மேலே ஒன்றும் வைக்க முடியாது. பழைய டிவி தலையில்தான் சரோஜா எல்லாம் வைப்பாள்: என் மூக்குக் கண்ணாடி, பி.பி. மாத்திரை, சீப்பு, சாவி, கரண்ட் கார்டு. "டிவி மேல பாருங்க" என்றால் எது கேட்டாலும் கிடைக்கும். இப்போது ஒரு கண்ணாடியைத் தேட அரை மணி.
– சத்தம் பின்பக்கம் சுவரைப் பார்த்துப் போகிறது. ஆள் சன்னம், தொண்டையும் சன்னம்.
– அணைத்தால் கண்ணாடி மாதிரி அறையைக் காட்டுகிறது. கட்டில், கட்டிலில் நான். இதைப் பார்க்க முடியாமலே டிவியைப் போட்டு வைக்கிறேன்.
– பல்லி பின்னால் குடிபோய்விட்டது.

மொத்தத்தில் குறை அதிகம். ஆனால் நிறையில் மூன்றாவது ஒன்றே எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறது.

செப். 30, செவ்வாய்

பொம்மிடி போய்ப் பொரி, கடலை, சந்தனம், பூசணி. பஸ்ஸில் நின்றபடி. போன வருஷம் துக்கம், பண்டிகை இல்லை. நாளை ஆயுத பூஜை, முதல் தடவையாக நானே செய்ய வேண்டும்.

பொழுது சாயும் நேரம் பக்கத்து வீட்டு மேரி மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று: "ஏங்ணா, டிவி போடறதே இல்லீங்களா?"

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்குது."

"அப்படிங்களா? சத்தமே கேக்கலீங்களே. முன்னெல்லாம் எங்கூட்டு அடுப்பங்கரைக்கே கதை கேக்கும்."

அவர்கள் வீட்டு டிவி மகனோடு ஓசூர் போய்விட்டது. சரோஜா இருந்தவரை மேரி தினமும் வருவார். பூண்டு உரித்தபடி இருவரும் சீரியல் மாமியாரைத் திட்டுவார்கள். இப்போது கேட்டைத் தாண்டுவதில்லை. தப்பில்லை. ஆம்பளை ஒண்டியாக இருக்கும் வீட்டில் அவர் வந்து உட்கார முடியாது, நானும் வாங்க என்று கூப்பிட முடியாது. பழைய டிவி இருந்தபோது சத்தமாவது மதிலைத் தாண்டிப் போய்வந்தது.

சத்தத்தைக் கடைசிவரை கூட்டிப் பார்த்தேன். மதில்வரை போகவில்லை.

அக். 1, புதன்

லேசான தூறல், பிறகு விட்டது. ஆயுத பூஜை.

பொட்டு வைத்தவை: மொபெட், கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள்மனை, மிக்சி, கிரைண்டர், ஃபிரிஜ், மோட்டார் சுவிட்ச், பீரோ, தையல் மிஷின். (மிஷினைத் தொடும்போது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. ஊசியில் இன்னும் அவள் கோத்த பச்சை நூல்.)

டிவி. சரோஜா ஒரு வருஷமும் விட்டதில்லை. பழையதற்கு நாலு பக்கமும் மரக்கலரில் அகலமான சட்டம். மூன்று பொட்டு வைத்தாலும் இடம் மிஞ்சும். இதற்கு விளிம்பே இல்லை. விரல் வைத்தால் பாதி படத்தில், பாதி காற்றில். விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மகள் முகம் வருகிற சாமானுக்கு மட்டும் பொட்டு இல்லையா? திரையிலேயே, கீழ் மூலையில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். கொஞ்சம் தாராளமாகவே.

பூசணி உடைத்தேன். மதில் மேல் வைத்து மேரிக்கு ஒரு டப்பா பொரி. "அண்ணி செய்யற மாதிரியே செஞ்சிட்டீங்க" என்றார். ரொம்ப நாள் கழித்து வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அக். 2, வியாழன்

வெயில் சுள்ளென்று. எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைத்தேன்.

டிவி சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். போய்விட்டது, பளபள. சுவிட்சைப் போட்டால் இடது பாதி கறுப்பு. வலது பாதியில் பச்சைக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும். செய்தி வாசிக்கிற குரல் மட்டும் வருகிறது.

அணைத்துப் போட்டேன். ஆறு தடவை. அதே கோடு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன், நாளைக்கு வருகிறேன் என்றார்.

அக். 3, வெள்ளி

மெக்கானிக் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்ததுமே சிரித்தார்.

"பொட்டு வெச்சீங்களா?"

"ஆமாங்க."

"காலையிலேருந்து நீங்க மூணாவது ஆளுங்க. தண்ணி வழிஞ்சு கீழ எறங்கிடுச்சு. பேனல் போச்சு, இது ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"பழைய டிவிக்குப் பதினெட்டு வருஷம் வெச்சோங்க. ஒண்ணும் ஆவலியே."

"அது கண்ணாடிங்க. இதுல மேல ஒரு காகிதம், அவ்ளோதான். அடுத்த வருஷம் சொவத்துல வெச்சிடுங்க."

டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. பைக்கில் இன்னொரு வீட்டுக்குப் போகணும் என்று நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அக். 4, சனி

மூடாக்கு. ஒன்றும் செய்யவில்லை. ரேஷன் கடை லீவு.

உள்ளதை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. டிவி போனதில் அடிவயிற்றில் சின்ன சந்தோஷமும் இருக்கிறது. நேரில் பார்க்கிற மாதிரி என்று சொல்ல அவளுக்கு இனி வழியில்லை. முகம் பார்க்க வேண்டுமென்றால் வந்துதான் ஆகவேண்டும். அறுபத்திரண்டு வயதில் என்ன கணக்குப் போடுகிறேன் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பின் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலுக்கு எடுத்துப்போட்டேன். வெயில்தான் இல்லை.

அக். 5, ஞாயிறு

11 மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன், பழக்கதோஷம். எதிரே கறுப்புத் திரையில் நான். 11.10க்கு போன் அடித்தது.

"என்னங்கப்பா, கனெக்ட்டே ஆவலை?"

பொட்டுக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாள்.

"அதனாலென்னங்கப்பா. இப்பவே வேற ஒண்ணு ஆர்டர் போட்டுடறேன். இதைவிடப் பெருசா. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடும்."

"வேணாம் கலை."

"ஏங்கப்பா? காசைப் பத்தி நீங்க யோசிக்காதீங்க."

"காசில்லம்மா. உன்ன நேர்ல பாக்கணும். உனக்கு லீவு இல்லீன்னா பரவாயில்ல, நான் அங்க வர்றேன்."

அந்தப்பக்கம் குக்கர் விசில். ஒன்று. இரண்டு. அவள் மாமியார் ஏதோ கேட்டார்.

"எத்தன நாளைக்குங்கப்பா?"

எத்தனை நாள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. வாயில் வந்தது ரெண்டு.

"ரெண்டு நாள்தாம்மா."

"வாங்கப்பா, வாங்கப்பா. ரொம்ப சந்தோஷம்" என்றாள், மூச்சுவிட்ட மாதிரி.

நான் வருவதற்குச் சந்தோஷமா, ரெண்டே நாள் என்பதற்கா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. டிவி நன்றாக இருந்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.