ரொட்டிக் கடை வாசலில் உப்பிய ஜாக்கெட்

எர்மெஸ்,

உன் தம்பி வீட்டில் உனக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு இங்கே ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. இதையும் எழுந்து எழுந்து போய் வந்துதான் எழுதுகிறேன்.

நீ வைத்துவிட்டுப் போன, வண்டியிலிருந்து விழுந்தால் உப்பி உடம்பைக் காக்கும் காற்றுப்பை ஜாக்கெட்டை இன்று போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வண்டியோடு பிணைத்த கயிற்றைக் கழற்ற மறந்து, ரொட்டிக் கடை வாசலில் இறங்கிவிட்டேன். படாரென்று ஜாக்கெட் உப்பி, கழுத்தையும் முதுகையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அடியே ஐரிஸ், தவளை மாதிரி உப்பிட்டியே! யாராவது புடிங்க, பறந்துடப் போறா!" என்று கடைக்கார நிவெஸ் கத்தினாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அது உப்பக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை, எர்மெஸ். நம் பையன் வண்டியிலிருந்து விழுந்த அந்த வளைவிலும் இது உப்ப அவ்வளவு நேரம் இருந்திருக்கும், இல்லையா?

"இனிமே இது எதுக்கு, யாருக்கு?" என்று, அவன் போன பிறகு நீ வாங்கி வந்த இதை அன்று உன் மேல் விட்டெறிந்தேன். நீ அதை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாய். யாருக்கென்று இன்று தெரிந்துகொண்டேன், எனக்குத்தான்.

ஜாக்கெட்டில் காற்று இறங்கிவிட்டது. அதை உப்ப வைக்கும் புது வாயுக் குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். எப்படி மாட்டுவதென்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கே தெரியும். இருந்தாலும் நீ வந்து மாட்டு.

கதவைத் தாழிடாமல்,
உன் மனைவி